கொக்குக்குக் கொடுத்த வாக்கு

டாக்டர் சொல்லி நடக்கத் தொடங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே கொஞ்சம் அனுதாபம் உண்டு. கைகளை வீசிக்கொண்டு, எங்கேயும் போய்ச் சேராமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் அந்த நடையில் என்ன சுவாரஸ்யம் இருக்க முடியும் என்று நினைப்பேன். ஆனால் ஊழ்வினை யாரைத்தான் விட்டது? ஐம்பத்தெட்டு வயது முடிந்த மறு மாதமே என் ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டர், 'எழுதினது போதும், இனிமேல் நடங்கள்' என்று சொல்லிவிட்டார். எங்கள் பேட்டையில் காலையில் நடக்கும் கோஷ்டி ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதில் நானும் சேர்ந்துகொண்டேன்.

கோஷ்டி என்றால் பெரிய கூட்டம் ஒன்றுமில்லை. ஏழெட்டுப் பேர்தான். பாங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தம்மைத் தாமே காரியதரிசியாக நியமித்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாகப் பறவைகளைப் பார்த்துக் குறிப்பெழுதி வருகிறவர். கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டுப் புத்தகம் இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. சரித்திரப் பேராசிரியர் ஒருவர். எதையும் ஒப்புக்கொள்வதற்கு முன் 'ஆதாரம் உண்டா?' என்று கேட்பார். ஒரு டாக்டர் அம்மாள். ஒரு தம்பதி, அவர்களுடைய ஒன்பது வயதுப் பையன். அப்புறம் என் மனைவி. நான் உண்மையிலேயே நடக்கிறேனா அல்லது டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேனா என்று மேற்பார்வை பார்க்க வந்தவள்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் காரியதரிசி ஒரு பிரகடனம் செய்தார்: "ஒரே தெருவைச் சுற்றிச் சுற்றி வருவதில் புண்ணியமில்லை. அடுத்த வாரம் ஓர் ஏரியைச் சுற்றுவோம். வேடந்தாங்கல்!"

★

சென்னையிலிருந்து தெற்கே சுமார் 80 கிலோமீட்டர். திருச்சி சாலையில் செங்கல்பட்டைத் தாண்டிப் படாளத்தில் மேற்கே திரும்பினால் சாலையின் இருபுறமும் வயல்கள் வந்துவிடுகின்றன. அதற்கு முன்பே ஏரிகள் தொடங்கிவிடுகின்றன. ஓர் ஏரி முடிகிறது என்று நினைப்பதற்குள் இன்னோர் ஏரியின் கரை தெரிகிறது. பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்கு ஏரி மாவட்டம் என்று பெயர் வந்தது சும்மா இல்லை. அந்த ஜில்லா பிறகு காஞ்சிபுரம் மாவட்டமாகி, 2019-ல் பிரிந்து மறுபடியும் செங்கல்பட்டு மாவட்டமாயிற்று. பெயர்கள் மாறின, ஏரிகள் மட்டும் பல்லவர் காலத்துப் பழக்கத்தை விடாமல் அங்கங்கே கிடக்கின்றன.

இந்தப் பக்கத்தில் பெரிய ஆறு என்று நம்பி உட்கார்ந்திருக்க எதுவுமில்லை. பாலாறு வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மணலாறுதான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆகவே மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரிசையாக ஏரிகளை வெட்டினார்கள். மேலே உள்ள ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகத் தண்ணீர் வழிந்து கீழே உள்ள ஏரிக்கு வரும். அது நிரம்பினால் அடுத்தது. இப்படிச் சங்கிலி கோத்தாற்போல் போகும் வரிசையில் சிறிய ஏரிக்குத் தாங்கல் என்று பெயர். வேடந்தாங்கல் என்றால் வேடனுடைய தாங்கல்.

"வேடன் ஊரில் பறவைகளுக்குச் சரணாலயமா!" என்று டாக்டர் அம்மாள் சிரித்தார்.

"ரத்னாகரன் வால்மீகி ஆகவில்லையா? அது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

"ஆதாரம்?" என்றார் பேராசிரியர்.

★

ஏரிக்கரையில் ஏறுவதற்கு முன்பே மூக்குக்கும் காதுக்கும் செய்தி வந்துவிட்டது. மீன் வாசனையும் எச்ச வாசனையும் கலந்த ஒரு நெடி. அதோடு, கல்யாண வீட்டில் பந்திக்கு முன் எழுமே, அந்த மாதிரி ஓர் இரைச்சல். கரையேறிப் பார்த்தபோது, தண்ணீருக்குள் நின்ற நீர்க்கடம்பு மரங்களும் கருவேல மரங்களும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருப்பது போலத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பூக்களில் ஒன்று எழுந்து பறந்து போயிற்று.

ஏரி பெரிதென்று சொல்ல முடியாது. சுமார் 30 ஹெக்டேர். நம் கணக்கில் எழுபது ஏக்கருக்குச் சற்று மேல். மதுராந்தகம் ஏரிக்குப் பக்கத்தில் வைத்தால் குழந்தை. ஆனால் அந்தச் சிறிய இடத்துக்குள் எத்தனை குடித்தனங்கள்! ஒரே மரத்தில் மாடி மாடியாகக் கூடுகள். நத்தைகுத்தி நாரை அலகைத் திறந்து நத்தையை உடைக்கிற அழகைக் காரியதரிசி விவரித்தார். அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருந்துகொண்டே இருக்குமாம், பாக்குவெட்டி மாதிரி. கரண்டிவாயனின் அலகு உண்மையிலேயே கரண்டிதான். அதைத் தண்ணீரில் இடமும் வலமும் துழாவி இரை தேடும். அரிவாள் மூக்கன், கூழைக்கடா, சாம்பல் நாரை, நீர்க்காகம், வக்கா என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். பாம்புத்தாரா ஒன்று இரண்டு சிறகுகளையும் விரித்து, வேட்டி உலர்த்துகிறவனைப் போல வெயிலில் நின்றது. மீனைத் துரத்தி முங்கிப் போகும் அதன் சிறகு தண்ணீரில் நனைந்துவிடும். அதனால் இந்த உபாயம்.

"இவ்வளவும் வெளிநாட்டிலிருந்து வருகிறதா?" என்று பையனின் அப்பா கேட்டார்.

காரியதரிசி இதற்காகவே காத்திருந்தவர் போலத் திரும்பினார். "அதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. வடக்கே குளிர்ப் பிரதேசங்களிலிருந்து வருகிறவை ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் அந்த ஜாதிகளும். அவை விருந்தாளிகள். இங்கே கூடு கட்டாது. குளிர் முடிந்ததும் போய்விடும். அதோ, கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறதே, அதெல்லாம் நம் நாட்டுப் பறவைகள். வெள்ளம் வடிந்து ஏரி வற்றினால் எங்கேயாவது பிழைக்கப் போகும். மழை பெய்து ஏரியில் தண்ணீர் ஏறினால் பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது போல இங்கே வந்துவிடும்."

பிரசவம் பார்க்க ஏற்ற இடம்தான். மரம் தண்ணீருக்குள் நிற்கிறது. கீரியும் பூனையும் நீந்திப் போய் ஏற முடியாது. சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் நெல் வயல்களிலும் மீனும் தவளையும் நத்தையும் நண்டும் கிடைக்கின்றன. இதுதான் முக்கியமான சூட்சுமம் என்றார் காரியதரிசி. இந்த ஏரி படுக்கை அறை மட்டும்தான். சமையலறை சுற்றிலுமுள்ள ஏரிகளும் வயல்களும். இந்த ஓர் ஏரிக்கு வேலி போட்டுவிட்டு மற்ற ஏரிகளையெல்லாம் தூர்த்துவிட்டால் படுக்கை இருக்கும், சோறு இருக்காது.

காஞ்சிபுரத்துக்கும் வந்தவாசிக்கும் நடுவில் எத்தனை ஏரி உண்டோ அத்தனையும் இந்தக் கூடுகளுக்கு உணவு அனுப்புகின்றன என்று நினைத்தபோது எனக்குச் சத்திமுற்றப் புலவர் ஞாபகம் வந்தார். தென்திசைக் குமரியில் ஆடி வடக்கே திரும்பும் நாரையைத் தூது விட்ட ஏழைப் புலவர். அதன் அலகுக்கு அவர் சொன்ன உவமை பிளந்த பனங்கிழங்கு. பறவை தெற்கும் வடக்குமாகப் போய் வருவதை நம்மவர்கள் எப்போதோ கவனித்துவிட்டார்கள். கவனித்தவர் குளிரில் போர்த்திக்கொள்ளத் துணியில்லாத புலவர் என்பதுதான் விசேஷம்.

★

கரையில் ஒரு சிமெண்டு பெஞ்சில் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. தோளில் துண்டு, கையில் ஒரு வேப்பங்குச்சி. பையன் உற்சாகத்தில் கையைத் தட்டிக் கூவினபோது, வாயில் விரலை வைத்து, "மெதுவா, கண்ணு. குஞ்சு இருக்குது" என்றார். அதட்டல் இல்லை, தூங்குகிற பிள்ளை இருக்கும் வீட்டில் சொல்கிற தொனி.

அவரோடு பேச்சுக் கொடுத்தோம். "எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து இதைச் சுடக் கூடாது, புடிக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடுங்க. அதுக்குக் கும்பினிக்காரன் கையெழுத்துப் போட்டுக் காகிதமே குடுத்திருக்கான்" என்றார்.

எங்கள் பேராசிரியருக்கு உயிர் வந்துவிட்டது. ஆதாரம் இருக்கிற விஷயம் அல்லவா? கரையிலேயே நின்று ஒரு சிறு பிரசங்கம் செய்தார். அதை என் பாஷையில் சொல்கிறேன்.

ஆற்காட்டு நவாப் முகம்மதலி 1763-ல் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கும்பினியார் அதை நவாபிடமே குத்தகைக்கு விட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள். 1780-ல் ஹைதர் அலியின் குதிரைப்படை இந்தச் சீமைக்குள் புகுந்தது. ஊர்கள் எரிந்தன, குடிகள் ஓடினார்கள், கவனிப்பாரில்லாமல் ஏரிகள் உடைந்தன. யுத்தம் ஓய்ந்த பிறகு, பாழாய்க் கிடந்த ஜாகீரைக் கும்பினியார் தாங்களே நேரடியாக நிர்வகிக்கத் தீர்மானித்தார்கள். அப்படி 1794-ல் இங்கே கலெக்டராக வந்தவர் லயனல் பிளேஸ் என்ற துரை. 1798 வரை இருந்தார்.

பிளேஸ் துரையைத் தர்மப் பிரபு என்று நினைத்துவிட வேண்டாம். வசூலில் கெட்டிக்காரர், நிலவரியை நன்றாக உயர்த்திக் காட்டினார். தம் தீர்வைக்கு இணங்காத மிராசுதார்களின் நிலத்தைப் பறித்து வேறு பேருக்குக் கொடுத்தவர். ஆனால் ஒரு விஷயம் அவருக்குப் புரிந்திருந்தது. இந்தச் சீமையில் ஏரி இல்லாவிட்டால் நெல் இல்லை. நெல் இல்லாவிட்டால் கிஸ்தி இல்லை. ஆகவே உடைந்த ஏரிகளைப் பழுது பார்ப்பதில் முனைந்தார்.

மதுராந்தகத்தில் அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. அந்தப் பெரிய ஏரியின் கரை மழைக்கு மழை உடைந்துகொண்டிருந்ததாம். கோயில் அர்ச்சகர்கள் தாயார் சந்நிதியைக் கட்டித் தரும்படி கேட்டபோது, 'உங்கள் ராமர் ஏரியைக் காப்பாற்றட்டும், பார்க்கலாம்' என்றாராம் துரை. அடை மழை பெய்த ஓர் இரவில் கரையைப் பார்க்கப் போனார். வில்லும் அம்புமாக இரண்டு வாலிபர்கள் கரைமேல் நின்று காவல் காத்தார்கள். பொழுது விடிந்தபோது கரை உடையாமல் இருந்தது. துரை சந்நிதியைக் கட்டிக் கொடுத்தார். சுவாமிக்கு ஏரி காத்த ராமர் என்ற பெயர் நிலைத்தது. வாலிபர்களைப் பற்றிய ஆதாரத்தை நான் பேராசிரியரிடம் கேட்கவில்லை. ஆனால் அந்தத் தர்மம் கும்பினி ஜாகீர் கலெக்டருடையது என்று சொல்லும் கல்லெழுத்துத் தாயார் சந்நிதியில் இன்றும் இருக்கிறது.

வேடந்தாங்கல் விவகாரமும் இவர் காலத்தில்தான் எழுந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பொழுதுபோக்காகப் பறவைகளைச் சுட்டார்கள் என்றும், ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். 1798-ல் கலெக்டர் ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். இந்த ஏரியில் பறவைகளைக் காக்கவும், யாரும் சுடாமல் தடுக்கவும் ஊராருக்குள்ள பழைய உரிமையைக் கும்பினி ஒப்புக்கொள்கிறது என்பதுதான் அதன் சாரம். 1858-ல் அது மறுபடியும் உறுதி செய்யப்பட்டது.

கவுல் என்ற சொல்லை நம்மில் பலர் மறந்துவிட்டோம். பழைய ரெவினியூ பாஷையில் குத்தகைப் பத்திரம், சலுகைப் பத்திரம் எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். மூலத்தில் அது ஓர் அரபுச் சொல். அர்த்தம் என்ன தெரியுமா? சொல், வாக்கு.

துப்பாக்கி பிடித்த ஒரு ராஜ்யம், துப்பாக்கி பிடிக்காத ஒரு கிராமத்துக்கு, கொக்குகளைச் சுட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தது. ஊரில் ஒரு குடியானவன் உரக்கப் பேசினாலே கசையடி விழக்கூடிய காலம் அது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

★

"ஊராருக்கு ஏன் இவ்வளவு அக்கறை?" என்று டாக்டர் அம்மாள் கேட்டார். "ஜீவகாருண்யமா?"

"எருவுங்க" என்றார் பெரியவர், கொஞ்சமும் தயங்காமல்.

அவர் கரையின் மறுபக்கத்தைக் காட்டினார். கீழே பச்சைப் பசேலென்று நெல். ஆயிரக்கணக்கான பறவைகள் சுற்றுவட்டாரமெல்லாம் மேய்ந்துவிட்டு வந்து இந்த மரங்களில் அடைகின்றன. அவற்றின் எச்சம் தண்ணீரில் விழுந்து கரைகிறது. எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏராளம். அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகிறது. யூரியா மூட்டை என்பது பூலோகத்தில் பிறப்பதற்கு முன்பே இந்த ஊர் வயல்களுக்கு உரம் கலந்த தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. பத்து ஊர் ஏரியின் சத்தை வாயில் கவ்விக்கொண்டு வந்து இந்த ஊருக்குக் கொட்டும் வேலையாட்கள் இந்தப் பறவைகள். கூலி கிடையாது. துப்பாக்கிச் சத்தம் கேட்டால் மட்டும் போய்விடுவார்கள்.

டாக்டர் அம்மாளுக்கு ஏமாற்றம். "அப்படியானால் அன்பு ஒன்றுமில்லை. ஊராருக்கு எரு வேண்டும். கலெக்டருக்குக் கிஸ்தி வேண்டும். எல்லாம் கணக்குத்தான்" என்றார். பேராசிரியரும் தலையை ஆட்டினார்.

பெரியவர் வேப்பங்குச்சியைத் தூக்கிப் போட்டார். "ஏம்மா, பெத்த புள்ள நாளைக்குக் கஞ்சி ஊத்துவான்னு நெனச்சா ஒருத்தி புள்ள வளக்கறா? ஆனா ஊத்தினா வேணாம்னு சொல்லுவாளா?"

யாருக்கும் பதில் வரவில்லை. பிறகு அவரே சொன்னார். மழை பொய்த்து ஏரி காய்ந்த வருஷங்களில் பறவை வராது. அப்போது ஊர் 'எழவு விழுந்த வீடு மாதிரி' இருக்குமாம். எரு போயிற்றே என்று மட்டும் யாரும் துக்கப்படுவதில்லையாம். கார்த்திகையில் முதல் கூட்டம் வந்து இறங்கினால், "வந்துட்டுதுங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்களாம்.

கணக்கில் ஆரம்பித்த உறவு கணக்கிலேயே நிற்க வேண்டும் என்று சட்டம் உண்டா? நம் வீடுகளில் எத்தனை தாம்பத்தியம் சீர்வரிசைக் கணக்கில் ஆரம்பித்திருக்கிறது! இந்தக் கருத்தை நான் உரக்கச் சொல்லவில்லை. என் மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

★

கரையின் கோடி வரை நடந்தோம். அதற்கு மேல் போகக் கூடாது என்றார் பெரியவர். அந்தப் பக்கம் பறவைகளுக்கு. காரியதரிசியின் 'ஏரியைச் சுற்றும்' திட்டம் பாதியில் நின்றது.

"என்னங்க, பிரதோஷத்தன்று சிவன் கோயிலில் கோமுகியைத் தாண்டாமல் திரும்பி வருகிறோமே, அது மாதிரி பிரதட்சிணம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்" என்றாள் என் மனைவி. அன்று எங்கள் கோஷ்டியில் சொல்லப்பட்ட மிகச் சிறந்த வார்த்தை அதுதான். சுற்றி முடிப்பதுதான் பக்தி என்று இல்லை. எங்கே நின்று திரும்ப வேண்டும் என்று தெரிந்திருப்பதும் பக்திதான்.

திரும்பி வரும்போது, தாழ்ந்த கிளை ஒன்றில் வக்கா ஒன்று தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இராக்கொக்கு என்றும் சொல்வார்கள். பையன் பைனாகுலரை என்னிடம் கொடுத்து, "தாத்தா, அதுக்குக் கண் எவ்வளவு சிவப்பு பாருங்கள்!" என்றான். பார்த்தேன். கண்ணாடியைச் சட்டென்று இறக்கிவிட்டேன்.

நாற்பத்தேழு வருஷங்களாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரிலும் ஓர் ஏரி இருந்தது. வேடந்தாங்கலைவிடப் பெரியது. நடுவில் கருவேலங்காடு, கொக்கும் வக்காவும் வந்து அடையும். எனக்குப் பதினொரு வயது. சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிய உண்டிவில் ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு மாலை, கிளையில் தூங்கிக்கொண்டிருந்த வக்காவின் மேல் கல்லை விட்டேன். குறி தப்புவதில் பேர் வாங்கியவன் நான். அன்றைக்கு என்று தப்பவில்லை. அது கரையோரத்தில் விழுந்தது. உடனே உயிர் போகவில்லை. அந்தச் சிவந்த கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

அது அல்ல நான் சொல்ல வந்தது. பையன்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். தெருவில் பெரியவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். 'அடே, குறிகாரன்!' என்றார் ஒருவர். என் தகப்பனார் பரீட்சை மார்க்கைப் பற்றி விசாரித்தார். ஊரில் ஒருவர், ஒரே ஒருவர், 'குஞ்சு இருக்குது, கண்ணு' என்று சொல்லவில்லை.

எங்கள் ஊர் ஏரி இன்று இல்லை. முதலில் வரத்துக்கால் தூர்ந்தது. பிறகு கருவேலங்காடு விறகாயிற்று. பறவைகள் எந்த வருஷம் வருவதை நிறுத்தின என்பதை யாரும் கவனிக்கவில்லை. பிறகு தண்ணீர் இல்லாத ஏரி எதற்கு என்றார்கள். இப்போது அங்கே பஸ் நிலையமும் வீடுகளும் இருக்கின்றன. பெருமழை பெய்தால் தண்ணீர் மட்டும் பழைய விலாசத்தை மறக்காமல் வந்து, வீட்டுக் கூடங்களில் முழங்கால் அளவுக்கு நிற்கிறது. என் ஒரு கல்லினால் ஏரி போயிற்று என்று நான் சொல்லவில்லை. அதட்டுவதற்கு ஒருவரும் இல்லாத ஊரில் ஏரி நிலைக்காது என்றுதான் சொல்கிறேன்.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எங்க ஊரா இருந்தா அன்னிக்கே உங்களைக் கட்டி வெச்சிருப்பாங்க, ஐயா" என்றார். அப்படிக் கட்டி வைத்திருக்கலாமே என்று தோன்றியது.

★

கவுலுக்குப் பிந்திய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1936-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் இதைச் சரணாலயம் என்று அறிவித்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன், இயற்கை ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். இந்த இடத்தைப் பற்றி எழுதிப் படித்தவர்களின் கவனத்தை இங்கே திருப்பினார். 1972-ல் நாடு முழுவதற்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி 1998-ல், ஏரியை மட்டுமல்ல, அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டாரத்தையும் சரணாலயமாக்கினார்கள். படுக்கை அறையோடு சமையலறையையும் சேர்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 1971-ல் ஈரான் தேசத்து ராம்சார் நகரில் நாடுகள் கூடிச் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் குறிப்பார்கள்; அந்தப் பட்டியலில் வேடந்தாங்கல் 2022-ல் ஏறியது. பக்கத்து ஊர்க் கரிக்கிலியும் அதே வருஷத்தில் ஏறியது.

இத்தனை காகிதம் இருக்கும்போது கவலை எதற்கு என்று கேட்பீர்கள். 2020-ல் அந்த 5 கிலோமீட்டரைக் குறைக்கலாம் என்ற யோசனை எழுந்தது. எதிர்ப்பும் பலமாகக் கிளம்பியது. காகிதத்தில் எழுதியதைக் காகிதத்திலேயே அடித்துவிடலாம். அது மட்டுமல்ல. எரு வேண்டுமென்று பறவையைக் காத்தார்கள் அல்லவா? இன்றைக்கு உரம் கடையில் மூட்டையாகக் கிடைக்கிறது. டாக்டர் அம்மாள் சொன்ன கணக்கு மட்டும்தான் உண்மையாக இருந்தால், உர மூட்டை வந்த நாளிலேயே இந்த உறவு முறிந்திருக்க வேண்டும். முறியவில்லை. சிவகங்கைச் சீமையில் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அங்கே கண்மாய் மரங்களில் பறவை அடைந்திருக்கிறது என்பதற்காக. அந்த ஊர்க் குழந்தைகள் ஒரு வருஷம், இரண்டு வருஷமல்ல, தலைமுறை தலைமுறையாக மத்தாப்பு வெளிச்சத்தோடு திருப்தி அடைகிறார்கள். இது எந்தக் கணக்கில் சேரும்?

இங்கிருந்து அதிக தூரமில்லாத உத்தரமேரூரில், 919-லும் 921-லும் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகள் உண்டு. குடவோலை எடுத்து வாரியங்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவற்றில் இருக்கின்றன. அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். யார் அதில் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்று நுணுக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஏரி காப்பது பெரிய விஷயம் என்று இந்தச் சீமைக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தெரியும். பிளேஸ் துரை புதிதாக ஒன்றையும் தந்துவிடவில்லை. ஏற்கெனவே இருந்த ஒரு வாக்குக்கு முத்திரை குத்தினார், அவ்வளவுதான். அந்த மட்டில் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

★

சாயங்காலம் வரை தங்கினோம். அதுதான் பார்க்க வேண்டிய நேரம். வெயில் சாய்ந்ததும் நான்கு திக்கிலிருந்தும் வரிசை வரிசையாகப் பறவைகள் திரும்பின. ஒவ்வொன்றும் இரைச்சலுக்கு நடுவே தன் மரத்தை, தன் கிளையை, தன் குஞ்சைத் தப்பாமல் கண்டுபிடித்து இறங்கிற்று. அதே நேரத்தில் வக்காக்கள் தூக்கம் கலைந்து, இரவு உத்தியோகத்துக்குப் புறப்பட்டன. காரியதரிசி எண்ணிக்கையைக் கைவிட்டு நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

பேராசிரியர் வெகு நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "வேடிக்கையைப் பாருங்கள். கவுல் கொடுத்தவன் பெயர் ஆதாரத்தோடு இருக்கிறது. செங்கல்பட்டுக்கு நடந்து போய்த் துரை முன்னால் நின்று கேட்டானே, அவன் பெயர் எந்த ரிக்கார்டிலும் இல்லை" என்றார். அவர் குரலில் அன்றுதான் முதல் தடவையாக வருத்தத்தைக் கேட்டேன்.

அந்தக் குறையை என்னாலான மட்டும் தீர்த்துவிடுவது என்று நினைத்து, நான் பேனாவை எடுத்துப் பெரியவரிடம் போனேன்.

"ஐயா, உங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதப் போகிறேன். உங்கள் பெயர்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பார்வை ஏரியின் மேல் இருந்தது.

"எம் பேரு எதுக்குங்க? ஊரு பேரைப் போடுங்க. போதும்."

போட்டிருக்கிறேன்.